சிறுநீரில் ரத்தம்: லேப் கவுன்டரில் எங்களைக் கேட்கிற கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில் 19 வருடமாக லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். மருத்துவர் இல்லை, மருந்து எழுதவும் மாட்டேன், இன்ன நோய் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் பாட்டிலை நீட்டும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கொஞ்சம் சேப்பா போச்சு, ஒண்ணும் இல்லியே?" என்று கேட்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் கேட்பதையும், டாக்டர்கள் சொல்லக் கேட்டும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தும் எனக்குத் தெரிந்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சிவப்பாகப் போனாலே அது ரத்தம்தானா?

இல்லை. நேற்று என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்றுதான் நாங்கள் முதலில் கேட்போம். பீட்ரூட் பொரியல் சாப்பிட்ட மறுநாள் சிலருக்கு ரோஸ் நிறத்தில் போகும். எல்லோருக்கும் அப்படி ஆகாது. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சேர்ந்த மாத்திரை போடுகிறவர்களுக்குச் சிறுநீர் மட்டுமல்ல, வியர்வையும் கண்ணீரும்கூட ஆரஞ்சுச் சிவப்பாகும். கிட்னி போய்விட்டதோ என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் செய்யாதீர்கள். நீர்க்கடுப்புக்குக் கொடுக்கிற பினாசோபிரிடின் மாத்திரையும் ஆரஞ்சாக்கும். காமாலையில் கடுந்தேநீர் நிறத்தில் போகும், குலுக்கினால் நுரையும் மஞ்சளாக இருக்கும்.

பிறந்து சில நாளே ஆன குழந்தையின் துணியில் செங்கல் தூள் மாதிரி கறை இருந்தால் அது பெரும்பாலும் யூரேட் உப்பு. பால் போதாதபோது வரும். பால் நன்றாகக் குடித்த பிறகும் தொடர்ந்தால் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்தக் காரணம் எதுவும் பொருந்தவில்லை என்றால், ரத்தம் என்றே எடுத்துக்கொண்டு டெஸ்ட்டுக்கு வாருங்கள்.

அந்தப் பாட்டிலை வைத்து நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?

முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பட்டையை முக்கி எடுப்பேன். அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். ரத்தத்துக்கு உரிய கட்டம் மஞ்சள். ரத்தம் இருந்தால் பச்சையாகும், நிறைய இருந்தால் கரும்பச்சை.

ஆனால் இந்தப் பட்டைக்கு ஆள் அடையாளம் தெரியாது. முழு ரத்த அணுவுக்கும் பச்சையாகும், உடைந்த அணுவிலிருந்து கசிந்த ஹீமோகுளோபினுக்கும் பச்சையாகும், தசை சிதைந்து வருகிற மயோகுளோபினுக்கும் பச்சையாகும். பாட்டிலை பிளீச்சிங் போட்டுக் கழுவி எடுத்து வந்தாலும் பச்சைதான். விட்டமின் சி மாத்திரை நிறையப் போட்டிருந்தால் ரத்தம் இருந்தும் நிறம் மாறாமல் ஏமாற்றிவிடும். அதனால் 10 மில்லி அளவு குழாயில் ஊற்றி, இயந்திரத்தில் 5 நிமிடம் சுற்றவிட்டு, அடியில் தங்கியதில் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்துப் பார்க்கிறோம். சிவப்பணு இருந்தால் வெளிறிய வட்டக் காசு மாதிரி தெரியும். அது வடிவம் கெட்டு, ஓரம் பிதுங்கித் தெரிந்தால் கிட்னியின் வடிகட்டியிலேயே கசிவு இருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகிப்பார்கள்.

ஒரு கோடையில் நடந்தது. போலீஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த பையன், தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் கத்திரி வெயிலில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறான். மறுநாள் தொடையைத் தூக்க முடியவில்லை. கொண்டுவந்த சிறுநீர் அசல் கோலா நிறம். பட்டை உடனே கரும்பச்சை ஆனது. சுற்றி எடுத்தால் அடியில் சிவப்பு படியவே இல்லை, மேலே நின்ற நீர் முழுக்க அதே நிறம். ஸ்லைடில் தேடித் தேடிப் பார்த்தும் ஒரு சிவப்பணு கிடையாது. "அப்ப ரத்தம் இல்லியாண்ணே?" என்று சந்தோஷப்பட்டான். சந்தோஷப்படும் இடம் இல்லை அது. தசை சிதைந்து அந்தச் சாயம் கிட்னியில் இறங்குகிற நிலை, கிட்னியே நின்றுபோகலாம். ரிப்போர்ட் டைப் பண்ணக் காத்திருக்கவில்லை, ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நாலைந்து நாள் டிரிப்ஸ் ஏற்றிச் சரியாகி வந்தான்.

கடுமையாக ஓடினால் நிஜமாகவே கொஞ்சம் ரத்தம் கலந்து வருவதும் உண்டு. ஓய்வெடுத்தால் மூன்று நாளுக்குள் அது நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் ஓட்டத்தின் மேல் பழி போட முடியாது.

மாதிரி எடுப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

லேப்பில் கொடுக்கும் டப்பாவில் மட்டும் எடுங்கள். பழைய டானிக் பாட்டில், தேங்காய் எண்ணெய் டப்பா எல்லாம் வேண்டாம். முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். மாதவிடாய் நாளாக இருந்தால் முடிந்த பிறகு வாருங்கள், அவசரம் என்றால் அதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். காலை 6 மணிக்குப் பிடித்து, வண்டிப் பெட்டியில் வைத்து, வேலையெல்லாம் முடித்து 11 மணிக்குக் கொண்டுவந்தால் இந்த ஊர் வெயிலில் பாதி அணு உடைந்துபோயிருக்கும்.

உடம்புச் சூடுதானே? இளநீர் குடித்தால் சரியாகிவிடாதா?

கடலூரிலும் புதுச்சேரியிலும் இதைக் கேட்காத ஆள் கிடையாது. இளநீர், ஊறவைத்த வெந்தயம், நீர்மோர், நெருஞ்சி முள் கஷாயம் என்று வீட்டுக்கு ஒரு வைத்தியம் இருக்கும். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி மஞ்சளாகும், எரியும். அதற்கு இளநீர் நல்லதுதான். ஆனால் சூடு எரிச்சலைத் தருமே தவிர ரத்தத்தைக் கொண்டுவராது. ரத்தம் வந்தால் எங்கோ ஒரு இடத்திலிருந்து வருகிறது. அது எந்த இடம் என்று இளநீருக்குத் தெரியாது.

இதில் ஒரு பொல்லாத விஷயம் இருக்கிறது. சிறுநீர்ப்பையில் கட்டி இருந்தால், அதிலிருந்து ரத்தம் தினமும் வருவதில்லை. ஒருநாள் வரும், மறுநாள் நின்றுவிடும், பிறகு வாரக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூட ஒன்றும் இருக்காது. அது தானாகத்தான் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து நாம் குடித்த இளநீர் பெயர் வாங்கிக்கொள்கிறது.

என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. பாகூர் பக்கம் விவசாயம். நாற்பது வருடத்துப் பீடி. தை மாசம் அறுவடை சமயத்தில் ஒருநாள் சிவப்பாகப் போயிருக்கிறது. வலி இல்லை. இரண்டு நாள் இளநீரும் வெந்தயமும் எடுத்திருக்கிறார், நின்றுவிட்டது. "சூடு எறங்கிடிச்சி" என்று விட்டுவிட்டார். ஆடியில் மறுபடி வந்தது. அப்போது ஒரு கிளினிக்கில் சிறுநீரைப் பார்க்காமலே ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அதிலும் நின்றது, மாத்திரைக்குப் பெயர். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி ரத்தம் கட்டியாகி அடைத்துக்கொண்டது, சொட்டுகூட இறங்காமல் வயிறு கல்லாகி விட்டது. அன்றைக்குத்தான் எனக்குப் போன் வந்தது. லேப்பில் வேலை பார்க்கிற பிள்ளை வீட்டில் இருந்தும் பத்து மாதம் எனக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சூட்டுக்கு எதுக்குப்பா டெஸ்ட்டு" என்றார்.

சிறுநீர்ப்பையில் இருந்த கட்டி மேலோட்டமாகத்தான் இருந்தது. வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுத்தார்கள். அப்புறம் வாரம் ஒரு முறை ஆறு வாரம் சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி. மருந்து ஏற்றினார்கள். ஆமாம், குழந்தைக்குத் தோளில் போடுகிற அதே பி.சி.ஜி. இப்போது நடமாடுகிறார், பீடியை விட்டுவிட்டார். பத்து மாதத் தாமதத்துக்கு இது பெரிய அதிர்ஷ்டம். எல்லோருக்கும் கட்டி அப்படிக் காத்திருக்காது.

வலியே இல்லையே, அப்புறம் ஏன் போக வேண்டும்?

வலி இல்லாததால்தான். கல்லும் கிருமியும் வலியையோ எரிச்சலையோ காட்டி உங்களை ஆஸ்பத்திரிக்குத் துரத்திவிடும். கட்டி ஆரம்பத்தில் சத்தம் போடாது. கண்ணுக்குத் தெரிகிற ரத்தத்தோடு சிறப்பு மருத்துவர்களிடம் போகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கோ அதற்குக் கொஞ்சம் மேலோ புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது என்கிறார்கள். மீதிப் பேருக்கு வேறு காரணம், பலவும் எளிதில் சரியாகக்கூடியவை. அதனால் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் நீங்கள் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் இருக்கவும் கூடாது. பிரிட்டனில் 45 வயது தாண்டியவருக்குக் காரணம் தெரியாத ரத்தம் கண்ணுக்குத் தெரியும்படி வந்தால் அவசரப் பட்டியலில் சேர்த்துப் புற்றுநோய்ச் சோதனைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு தடவை வந்தாலும் கணக்குதான்.

ராத்திரி என்றும் பாராமல் உடனே ஓட வேண்டியது எப்போது?

ரத்தக்கட்டி விழுந்து சிறுநீர் அடைத்துக்கொண்டால். விலாப்பக்க வலியோடு குளிர் நடுக்கிக் காய்ச்சல் அடித்தால். கல் அடைத்த கிட்னியில் சீழ் பிடித்தால் ஓரிரவில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். வண்டியிலிருந்து விழுந்தோ, முந்திரி மரத்திலிருந்து விழுந்தோ, மாடு முட்டியோ அடிபட்ட பிறகு சிவப்பாகப் போனால். தலைசுற்றல், மயக்கம், ரத்தம் நிற்காமல் கொட்டுவது. கர்ப்பிணிக்கு வந்தால் எத்தனை மணியானாலும். முகம் வீங்கி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கினால். டெங்கு மாதிரி காய்ச்சல் ஓடிக்கொண்டிருக்கும்போது சிறுநீரிலோ ஈறிலோ ரத்தம் கண்டால். இதற்கெல்லாம் லேப்புக்கு வராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அதே எண்தான்.

பாம்பு கடித்தவருக்கு சிவப்பாகப் போகிறது என்றால்?

இது தனியாகச் சொல்ல வேண்டியது. குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கம் வயலிலும் கரும்புத் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணாடி விரியன் புதிதில்லை. அதன் விஷம் ரத்தம் உறையும் தன்மையையே கெடுத்துவிடும். கடிவாயில் கசிவு, ஈறில் ரத்தம், சிறுநீரில் ரத்தம் என்று வெளியே தெரியும். பின்னாலேயே கிட்னியும் பழுதாகும். "ஏதோ கடிச்ச மாதிரி இருந்துச்சி" என்று மட்டும் சொன்னவருக்கு மாலையில் சிறுநீர் சிவந்தால், அது விரியனாக இருக்கலாம் என்று உடனே சந்தேகப்படுங்கள். ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம். கடித்த இடத்தைக் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, மந்திரிக்க அழைத்துப் போவது எல்லாம் நேரத்தைத் தின்னும் வேலை.

எனக்குக் கல் இருக்கிறது, அதனால்தான் வருகிறது. இதற்கும் டாக்டரா?

ஏப்ரல் முதல் ஜூலை வரை எங்கள் கவுன்டரில் பாதிக் கூட்டம் கல்லடைப்புதான். விலாவில் கிளம்பி அடிவயிற்றுக்கு இறங்குகிற வலி, வாந்தி, கூடவே ரத்தம். கடலுக்குப் போகிறவர்களும் உப்பளத்தில் நிற்கிறவர்களும் கொண்டுபோன தண்ணீரைச் சிக்கனமாகக் குடித்துப் பழகியவர்கள், அவர்களுக்கு அதிகம் பார்க்கிறேன். 5 மில்லிமீட்டருக்குள் இருக்கிற கல் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். நாள் ஒன்றுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குக் குடிக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் வியர்வையில் போவதையும் சேர்த்தால் அதற்கு மூன்று லிட்டருக்கு மேல் ஆகும். கருவாடு, ஊறுகாய், உப்பைக் குறையுங்கள். பாலை நிறுத்தாதீர்கள், கால்சியம் கல் என்று ரிப்போர்ட்டில் பார்த்துப் பாலை நிறுத்துகிறார்கள், அது கல்லைக் கூட்டும். வாழைத்தண்டு சாப்பிடுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் கல் போய்விட்டதா என்பதை ஸ்கேன்தான் சொல்லும்.

இன்னொன்று. பழைய கல் இருக்கிறவருக்கும் புதிதாகக் கட்டி வரலாம். வலி இல்லாமல் ரத்தம் வந்தால் பழைய ஸ்கேனைக் காட்டிச் சமாதானம் ஆகாதீர்கள்.

பெண்களுக்கு?

நீர்க்கடுப்பு, எரிச்சல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போக வேண்டும் என்கிற உணர்வு, கடைசியில் ரெண்டு சொட்டு ரத்தம் என்றால் பெரும்பாலும் கிருமித் தொற்று. மாத்திரையில் சரியாகும். சரி, அதோடு விட்டுவிடலாமா? விடக் கூடாது. மாத்திரை முடித்த பிறகு ஒருமுறை சிறுநீரைப் பார்த்து ரத்தம் போய்விட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். பெண்கள் விஷயத்தில் "இன்ஃபெக்ஷன்தாம்மா" என்று திரும்பத் திரும்ப மாத்திரை கொடுத்து, கட்டி தாமதமாகத் தெரியவருவது உலகம் முழுக்க இருக்கிற பிரச்சினை. கல்ச்சரில் (சிறுநீரிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனை) கிருமியே வளரவில்லை, ஆனாலும் சீழணுவும் ரத்தமும் வந்துகொண்டே இருக்கிறது என்றால் சிறுநீர்ப் பாதைக் காசநோயையும் டாக்டர்கள் தேடுவார்கள்.

மாதவிடாய் நின்று வருடங்கள் ஆன அம்மாக்கள் உள்பாவாடையில் கறை பார்த்தால் அது சிறுநீரில் வந்ததா, கர்ப்பப்பையிலிருந்து வந்ததா என்று தங்களுக்கே தெரியாது. எதுவானாலும் காட்ட வேண்டியதுதான். மகளிடம் சொல்லவே கூச்சப்பட்டு மூன்று மாதம் ஓட்டிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் ஆற்றாமை.

அப்பாவுக்கு சதையடைப்பு. அதில் ரத்தம் வருமா?

வரும். ப்ராஸ்டேட் வீங்கும்போது அதன் மேலுள்ள நாளங்கள் உடைந்து வரலாம். ஆனால் அந்த வயதில்தான் கட்டியும் வருகிறது, அதனால் சதையடைப்பு என்று ஏற்கெனவே பெயர் வைத்திருந்தாலும் முழுதாகப் பார்த்துவிடுவார்கள்.

குழந்தைக்கு கோலா நிறத்தில் போகிறது. பத்து நாள் முன்பு தொண்டை வலி இருந்தது. சம்பந்தம் உண்டா?

உண்டு. சில வகைத் தொண்டைத் தொற்று ஆறி ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து, அல்லது சொறி சிரங்கு வந்து மூன்று முதல் ஆறு வாரம் கழித்து, கிட்னி வடிகட்டிகள் வீங்கிக்கொள்ளும். காலையில் எழும்போது முகமும் கண்ணிமையும் உப்பியிருக்கும், சிறுநீர் குறையும், நிறம் கறுக்கும். குழந்தைக்கு பி.பி. ஏறும் என்பது பலருக்கு நம்பவே முடியாத விஷயம். ஏறும், வலிப்புகூட வரலாம். அன்றே காட்டுங்கள். பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். சளி பிடித்த ஓரிரு நாளிலேயே சிவக்கிறது, ஒவ்வொரு சளிக்கும் அப்படியே என்றால் அது வேறு வகை. அதற்குக் கிட்னி டாக்டர்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ரிப்போர்ட்டில் ஆர்.பி.சி. (சிவப்பணு) 8–10 என்று இருக்கிறது?

மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வை வட்டத்தில் 3 அல்லது அதற்கு மேல் சிவப்பணு இருந்தாலே கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். பட்டை பச்சையானது மட்டும் போதாது, ஸ்லைடில் எண்ணியிருக்க வேண்டும். மாதவிடாய், காய்ச்சல், கிருமித் தொற்று, கடும் உடற்பயிற்சி எதுவும் இல்லாதபோது மறுபடி கொடுத்துப் பாருங்கள். அப்போதும் இருந்தால் டாக்டர் உங்கள் வயது, புகை, வேலை மூன்றையும் வைத்து அடுத்தது என்ன என்று முடிவு செய்வார். முப்பது வயதுப் பெண்ணுக்கும் அறுபது வயது பீடி குடிப்பவருக்கும் ஒரே பாதை இல்லை. ரத்தத்தோடு புரதமும் சேர்ந்து வந்தால், பி.பி.யும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கிற கிரியாட்டினினும் கூடியிருந்தால், வழி கிட்னி டாக்டர் பக்கம் திரும்பும்.

வேலை என்றேனே, அதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சாயம், ரப்பர், சில ரசாயனங்களோடு வருடக்கணக்கில் புழங்கியவர்களுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டிக்கு வாய்ப்பு கூடுதல். சிப்காட்டிலோ திருப்பூர்ச் சாயப்பட்டறையிலோ இருபது வருடம் முன்பு வேலை பார்த்து விட்டிருந்தாலும் அது கணக்கில் வரும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறேன். அதனால்தானே?

மாத்திரை கசிவைப் பெரிதாக்கிக் காட்டும். பல சமயம் கசிகிற இடம் என்று ஒன்று தனியாக இருக்கும். மாத்திரை போடாதவருக்குச் செய்கிற அத்தனை சோதனையும் உங்களுக்கும் உண்டு. வால்வு ஆபரேஷன், ஸ்டென்ட் வைத்தவர்கள் பயந்து தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பி.டி., ஐ.என்.ஆர். சோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்வார்.

பால் மாதிரி போகிறது, சில சமயம் ரோஸ் கலந்து. இது என்ன?

வயதானவர்கள் இன்னும் எப்போதாவது வருகிறார்கள். யானைக்கால் புழு நிணநீர் நாளங்களை அடைத்து, அந்தக் கொழுப்பு நீர் சிறுநீரில் கலப்பதால் வருவது. கூடவே ரத்தமும் கலக்கலாம். இந்தக் கரையோரம் அந்த நோய் நிறைய இருந்த காலம் உண்டு. புதுச்சேரியில் நோய் பரப்பும் கொசுக்களை ஆராய 1975-ல் மத்திய அரசு தனி ஆய்வு மையமே அமைத்தது. ராத்திரியில் வீடு வீடாக வந்து விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் போனது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அந்தப் புழுக்குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் உலவும். சிகிச்சை இருக்கிறது, காட்டுங்கள்.

எங்கே போவது, யாரிடம்?

முதலில் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் போதும். சிறுநீர்ச் சோதனை, கல்ச்சர், கிரியாட்டினின், வயிற்று ஸ்கேன் வரை அங்கிருந்தே எழுதிக் கொடுப்பார்கள். அதற்கு மேல் யூராலஜி, அதாவது சிறுநீர்ப் பாதைக்கான சிறப்புப் பிரிவு. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் காட்டி அங்கிருந்து அனுப்பச் சொல்லலாம். அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி என்று சீட்டில் எழுதினால் கடலூருக்குள் தேடாதீர்கள், அது சிதம்பரம் அண்ணாமலைநகரில் இருக்கிறது. இதற்காக அலைந்து திரும்பியவர்கள் பலர். புதுச்சேரி என்றால் கோரிமேடு ஜிப்மரில் யூராலஜி, நெஃப்ராலஜி (கிட்னி டாக்டர்கள்) இரண்டு பிரிவும் உண்டு. கூட்டம் அதிகம், காலை முதல் பஸ்ஸைப் பிடிப்பது நல்லது. தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பழைய ரிப்போர்ட், போடும் மாத்திரைகளின் அட்டை, இவற்றோடு இன்னொன்றும் சொல்வேன்: சிவப்பாகப் போன அன்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகிற நாளில் வெள்ளையாகப் போய்த் தொலைக்கும். ஆரம்பத்தில் மட்டும் சிவப்பா, கடைசியில் மட்டுமா, முழுக்கவா என்பதையும் கவனித்து வையுங்கள். ஆரம்பத்தில் என்றால் பெரும்பாலும் சிறுநீர் வெளியேறும் குழாய், கடைசியில் என்றால் பையின் கழுத்துப் பக்கம், முழுக்க என்றால் பையிலிருந்தோ அதற்கு மேலேயிருந்தோ. புழு மாதிரி நீளமாக ரத்தக்கட்டி விழுந்தால் மேலேயிருந்து இறங்கியிருக்கலாம்.

கேமரா விட்டுப் பார்க்கணும் என்கிறார்கள். ரொம்ப வலிக்குமா?

சிஸ்டோஸ்கோப்பி. இதற்குப் பயந்தே பாதிப் பேர் திரும்பப் போவதில்லை. மரத்துப்போகும் ஜெல் போட்டு, மெல்லிய குழாயைச் சிறுநீர்ப் பாதை வழியாக விட்டு உள்ளே பார்ப்பார்கள், சில நிமிட வேலை. சில இடங்களில் முதுகில் ஊசி போட்டுச் செய்வார்கள். கூச்சமும் உறுத்தலும் இருக்கும். பிறகு ஓரிரு நாள் எரியும், லேசாக ரோஸ் நிறம் வரும். பெரியப்பா முதல் தடவை வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவர், வெளியே வந்து, "இதுக்கா பத்து மாசம் பயந்தேன்" என்றார். சூடு என்று நினைத்ததாகச் சொன்னதெல்லாம் பாதிதான் உண்மை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டதே, கேமராவும் வேண்டுமா என்று கேட்பார்கள். சாதாரண ஸ்கேனில் பையின் உள்சுவரில் இருக்கும் சின்னக் கட்டி தெரியாமல் போகலாம். டாக்டர் சொன்னால் வேண்டும்தான்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒன்றுமே இல்லை என்கிறார்கள். அப்புறம்?

நல்ல சேதிதான், கணிசமானவர்களுக்கு அப்படித்தான் முடிகிறது. காரணம் தெரியவில்லை என்பதற்காக ஊர் ஊராக ஸ்கேன் எடுத்துத் திரிய வேண்டாம். வருடம் ஒருமுறை சிறுநீர்ச் சோதனையும் பி.பி.யும் பாருங்கள். மறுபடி கண்ணுக்குத் தெரியும்படி வந்தால், போன முறை நார்மல் என்ற அந்த ஃபைலையே எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள்.